துவைக்காத சட்டை

மாமனார் இன்னொரு தடவை வழி தவறினால் முதியோர் இல்லம்தான் என்று நாத்தனார் போனில் சொல்லிவிட்டாள். பிளேடு வாங்கப் போனவரைப் போன வாரம்தான் பேருந்துப் பணிமனையிலிருந்து கூட்டி வந்திருந்தோம்.

“நாய் வாங்கப் போறேன் அண்ணி. மோப்ப நாய். அவர் எங்க போனாலும் கண்டுபிடிச்சுடும்.”

“நாயை நம்பி எங்க அப்பாவை விடணுமா?”

“ஒரு மாசம் பாருங்க. அப்புறம் பேசுங்க.”

எந்த நாய் என்பதையும் முடிவு செய்திருந்தேன். பீகிள். சின்ன உடம்பு, நல்ல வேகம், படி ஏறும். எங்கள் சலவைக்கடை கீழே, வீடு மாடியில். விற்பனைக்கு இருந்த இன்னொன்று பாஸெட். குட்டைக் கால், நீள முதுகு. தினமும் படி ஏறினால் முதுகு போய்விடும் என்று நாய் வளர்ப்பவளே போனில் சொன்னாள்.

“இருந்தாலும் ரெண்டையும் பார்த்துட்டு முடிவு பண்ணுங்க. பெரியவரையும் கூட்டிட்டு வாங்க. அவர் போடற சட்டை ஒண்ணும் வேணும்.”

என் வீட்டுக்காரரைக் கடையில் உட்கார வைத்துவிட்டு மாமனாரும் நானும் போனோம்.

சிமெண்டு முற்றம். கம்பி வேலி. நாய் வளர்ப்பவள் மாமனாரைக் கொட்டகைக்குப் பின்னால் ஒரு நாற்காலியில் உட்கார வைத்தாள். பிறகு நான் கொடுத்த பையைத் திறந்தாள். சட்டை கஞ்சி போட்டு, மடிப்புக் கலையாமல் இருந்தது.

“என்னங்க, துவைச்சு எடுத்துட்டு வந்திருக்கீங்க?”

“அழுக்குச் சட்டையை வெளிய கொண்டுபோய்ப் பழக்கமில்ல.”

சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. கொட்டகைக்குப் பின்னாலிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது.

“நல்லவேளை, என்னையும் கஞ்சி போட்டுக் கூட்டிட்டு வரல!”

“சரி, வந்தது வந்தாச்சு. விட்டுப் பார்ப்போம்,” என்றாள் அவள்.

பீகிள் சட்டையில் மூக்கை வைத்தது. வாலைத் தூக்கியது. நேராக என்னிடம் ஓடிவந்து, என் கையை முகர்ந்து, ஊரைக் கூட்டியது. அதன் மேல் தப்பில்லை. என் கையிலும் அதே சோப்புதான். எங்கள் வீடு முழுக்க அதே சோப்புதான்.

பாஸெட் காதுகள் தரையில் இழுபட வந்தது. சட்டையின் காலருக்குள் மூக்கை நுழைத்தது. எடுக்கவேயில்லை.

“தூங்கிடுச்சா?” என்றேன்.

“பொறுங்க.”

அது எழுந்தது. என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் கடந்து போனது. வேலி ஓரமாக நடந்தது, நின்றது, மறுபடி நடந்தது. கொட்டகைக்குப் பின்னால் அடித்தொண்டையில் ஒரு குரைப்பு. போய்ப் பார்த்தால் அதன் தாடை மாமனாரின் செருப்பின் மேல் இருந்தது.

“இது என்னை மாதிரியே நடக்குதும்மா,” என்றார்.

“இதுதான்,” என்றேன்.

“மாடிப்படி?” என்றாள் நாய் வளர்ப்பவள்.

“இது மேல வர வேணாம். மாமா கீழ வரட்டும். மாமா, இஸ்திரி போடற ரூம் உங்களுக்கு. சரியா?”

“வெந்துடுவேனே.”

“இஸ்திரி மேசையைக் கடை வாசல்ல போட்டுக்கறேன்.”

“அப்ப சரி. அதுக்கும் படி ஆகாது, எனக்கும் ஆகாது.”

கிளம்பும்போது அவள் சொன்னாள்: “தினமும் அதை இப்படிச் சோதிக்காதீங்க. ஒரு சட்டையைத் துவைக்காம வைங்க.”

மற்ற எல்லாவற்றுக்கும் உடனே பதில் சொன்ன நான், இதற்குக் கொஞ்சம் யோசித்தேன். “வைக்கிறேன்,” என்றேன்.

அந்த மாதத்தில் மாமனார் ஒரு தடவை தனியாக நழுவினார். பாஸெட் சட்டையை முகர்ந்தது. அது போன வேகத்திலேயே நானும் போனேன். கடைத்தெருவைத் தாண்டி ஒரு முடிதிருத்தும் கடையில், யாருக்கோ முடி வெட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மாதம் முடிந்ததும் நாத்தனார் வந்தாள். நடந்ததைக் கேட்டுக்கொண்டாள். அறையைச் சுற்றிப் பார்த்தாள். நாய்ச் சங்கிலியின் பக்கத்தில், ஆணியில், காலர் கறுத்த சட்டை தொங்கியது.

“சலவைக்கடையில இதென்ன கண்றாவி?” என்று கையை நீட்டினாள்.

“தொடாதீங்க அண்ணி.”

மாமனார் கட்டிலில் படுத்தபடியே சொன்னார்: “உன் வாசம் ஒட்டிக்கிச்சுன்னா, என்னைத் தேடறேன்னு நாய் உன் வீட்டுக்கு வந்துடும். வச்சுக்கறியா?”

நாத்தனார் கையை இழுத்துக்கொண்டாள். முதியோர் இல்லத்தைப் பற்றி அன்று அவள் பேசவில்லை.