கண்ணாடிப் பட்டறை ஆட்கள் ஓடப் பழகியது

எங்கள் கண்ணாடிப் பட்டறையில் ஓடுகிற உடம்பு என்று ஒன்றுகூடக் கிடையாது. கண்ணாடி வெட்டுகிற மாஸ்டருக்கு மாடி ஏறினாலே மூச்சு இரைக்கும். டிரைவர் தெருமுனை டீக்கடைக்கும் வண்டியை எடுக்கிற ஆள். என் தொந்தியைப் பற்றி நானே சொல்லிக்கொள்வது அழகில்லை. அப்படிப்பட்ட நாங்கள் மராத்தானுக்குப் பெயர் கொடுத்தோம் என்றால் அதற்குப் பில்லம்மாதான் காரணம்.

முன்னறையில் உட்கார்ந்து பில் போடுகிறவர் என்பதால் அவர் பில்லம்மா. கணவர் எப்போதோ கழன்றுகொண்டார். ஒன்பது வயதில் ஒரு மகள், அவளுக்கு அடிக்கடி ஃபிட்ஸ் வரும். அந்த மாதிரிப் பிள்ளைகளைப் பகலில் வைத்துப் பார்த்துக்கொள்ள ஒரு காப்பகம் இருக்கிறது. தினமும் வேன் வந்து பாப்பாவை ஏற்றிக்கொண்டு போகும். அந்த வேன் ஒருநாள் நடுரோட்டில் படுத்தது, எழுந்திருக்கவே இல்லை. அதிலிருந்து பில்லம்மா மகளைப் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போனார். போன இரண்டாம் வாரமே பஸ்ஸுக்குள் பாப்பாவுக்கு ஃபிட்ஸ் வந்துவிட்டது. அவ்வளவு கூட்டத்திலும் எல்லோரும் ஒதுங்கி இடம் விட்டார்களாம், ஒரு கைகூட நீளவில்லையாம். மத்தியானம் சாப்பிடும்போது சாதாரணமாகத்தான் சொன்னார். கேட்ட எங்களுக்குத்தான் அதற்கு மேல் சாப்பாடு இறங்கவில்லை.

காப்பகத்தையும் தன் தங்கையையும் விட்டால் பாப்பாவை நம்பி விட்டுப்போக அவருக்கு உலகத்தில் ஒருவரும் கிடையாது. கேட்டால் அக்கம்பக்கத்தில் யாராவது பார்த்துக்கொள்வார்கள்தான். அவர் கேட்கவே மாட்டார். பஸ்ஸுக்குப் பிறகு சுத்தமாகக் கேட்பதில்லை.

காப்பகத்துக்குப் புது வேன் வாங்க மராத்தானில் ஓடி நிதி திரட்டலாம் என்று கம்பெனிகளுக்கெல்லாம் அழைப்பு வந்தது. முழு மராத்தான் இல்லை, பத்து கிலோமீட்டர்தான். ஓடி முடிக்கிற ஒவ்வொருவருக்கும் தன் பங்காக ஒரு தொகை தருவதாக முதலாளி வாய்விட்டுச் சொல்லிவிட்டார், எவன் ஓடப்போகிறான் என்ற தைரியத்தில். பில்லம்மா நேராக மாஸ்டரிடம் போய்க் கேட்டார். மாஸ்டர் சிடுமூஞ்சி. காலையில் வணக்கம் சொன்னால்கூட எதற்கு என்று கேட்கிற மனுஷன். அவரே சரி என்று சொன்ன பிறகு நாங்கள் எந்த வாயை வைத்துக்கொண்டு மறுப்பது?

விடிகாலையில் பூங்காவைச் சுற்றி ஓடினோம். ஓட்டம் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். பெரிய கண்ணாடியை இரண்டு பேர் தூக்கும்போது முன்னால் போகிறவனும் பின்னால் போகிறவனும் ஒரே காலை எடுத்து வைக்க வேண்டும். இருபது வருஷமாக மாஸ்டர் முன்னால், நான் பின்னால். அந்தப் பழக்கத்தில் எங்கள் கும்பல் முழுக்க ஒரே நேரத்தில் ஒரே காலை எடுத்து வைத்து ஓடியது. நடக்க வந்தவர்கள் ஏதோ போலீஸ் பயிற்சி என்று வழிவிட்டார்கள். பில்லம்மா மட்டும் எங்களுக்கு முன்னால், தன் போக்கில், அழகாக ஓடுவார்.

மூன்றாம் வாரம் அது நடந்தது. பெயர்ந்து கிடந்த தளக்கல்லில் கால் தடுக்கி, அன்று எங்களோடு சேர்ந்து ஓடிய பில்லம்மா எங்கள் நடுவிலேயே விழுந்தார். நாங்கள் ஏழு பேரும் ஒரே நேரத்தில் கையைத் தூக்கிக்கொண்டு பின்னால் குதித்தோம்.

கண்ணாடி வேலையில் முதல் நாள் சொல்லித் தருவதே அதுதான். கண்ணாடி கைநழுவினால் பிடிக்காதே, கையைத் தூக்கு, விலகு, போனால் போகட்டும். பிடிக்கப் போனவன் விரல் போய்விடும், நரம்பு போய்விடும். வருஷக்கணக்காக உடம்பில் ஊறிப்போன சங்கதி. விழுவது கண்ணாடியா மனுஷியா என்று யோசிக்க உடம்பு காத்திருக்கவில்லை.

பில்லம்மா தரையிலிருந்து நிமிர்ந்து பார்த்தார். சுற்றிலும் வட்டமாக நாங்கள், கையைத் தூக்கியபடி. டிரைவர்தான் முதலில் சுதாரித்துக்கொண்டு குனிந்தார். அதற்குள் பில்லம்மாவே எழுந்து, முழங்கால் மண்ணைத் தட்டிவிட்டு, வீட்டைப் பார்த்து நடந்துவிட்டார்.

மறுநாள், தான் இனிமேல் ஓடப்போவதில்லை என்று பில்லம்மா சொல்லிவிட்டார். நானும் மாஸ்டரும் முன்னறைக்குப் போனோம். நான்தான் பேசினேன். தொழில் பழக்கம், வேண்டுமென்று செய்யவில்லை, எங்களைத் தெரியாதா என்றெல்லாம் தலையைச் சுற்றி மூக்கைத் தொட்டேன். பில்லம்மா கேட்டுக்கொண்டார். கோபமே இல்லை.

"தெரியும்ணே. நீங்க எல்லாரும் நல்லவங்கதான்" என்றார். "அன்னிக்கு பஸ்ல இருந்தவங்களும் நல்லவங்கதான்."

மாஸ்டர் என் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டார்.

அடுத்த நாள் பூங்காவில் மாஸ்டர் ஒரு கூத்தை ஆரம்பித்தார். ஓடிக்கொண்டிருக்கும்போது யாராவது சொல்லாமல் கொள்ளாமல் விழ வேண்டும், பக்கத்தில் இருப்பவன் பிடிக்க வேண்டும். இந்த வயதில் இது தேவையா என்று கேட்டேன். தேவை என்றார். முதல் நாள் ஒருவரும் பிடிக்கவில்லை. விழுந்தவன் விழுந்தான், மற்றவர்கள் குதித்தோம். மறுநாள் நான் விழுந்தபோது பிடிக்க வந்த டிரைவரும் என்னோடு சேர்ந்து கீழே போனார், அது என் எடைக்கு வந்த வினை. நாலைந்து நாளில் கை கொஞ்சம் கொஞ்சமாக நீள ஆரம்பித்தது. பில்லம்மாவுக்கு இதெல்லாம் தெரியாது. அவரிடம் சொல்லவும் எங்களுக்கு வெட்கம்.

அந்த வாரக் கடைசியில், மாஸ்டரின் மேசையிலிருந்து முகம் பார்க்கிற கண்ணாடி ஒன்று சரிந்தது. இருபது வருஷத்தில் எத்தனையோ சரிந்திருக்கின்றன. மாஸ்டர் கையைத் தூக்கவில்லை, நீட்டிவிட்டார். உள்ளங்கை பிளந்துவிட்டது.

எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. முன்னறையிலிருந்து ஓடி வந்த பில்லம்மாதான் தன் துப்பட்டாவைச் சுற்றி இறுக்கிக் கட்டி, வண்டியில் ஏற்றி, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார். நானும் கூடப் போனேன். தையல் போடுகிற அறைக்கு வெளியே உட்கார்ந்திருந்தபோது, இத்தனை அனுபவமுள்ள மாஸ்டர் எதற்காகக் கண்ணாடியைப் பிடிக்கப் போனார் என்று பில்லம்மா என்னைக் கேட்டார். பொய் சொல்ல வரவில்லை. பூங்காவில் நடந்த கூத்தை முழுக்கச் சொன்னேன். மாஸ்டர் கட்டுப்போட்ட கையோடு வெளியே வந்ததும், கண்ணாடியைப் பிடிக்கிற பைத்தியக்காரத்தனம் பட்டறையில் இனிமேல் வேண்டாம் என்று பில்லம்மா திட்டினார். மாஸ்டர் திட்டு வாங்கி நான் பார்த்தது அன்றுதான். மறுநாள் காலை பில்லம்மா பூங்காவுக்கு வந்திருந்தார்.

மராத்தான் அன்று எல்லோரும் பனியன் மாட்டிக்கொண்டு மைதானத்தில் நின்றோம். கை ஆறாததால் மாஸ்டர் ஓடவில்லை, எங்கள் பைகளுக்குக் காவல். ஓட்டம் கிளம்பக் கொஞ்ச நேரம் இருக்கும்போது பில்லம்மா பாப்பாவைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். தங்கைக்குக் காய்ச்சலாம், எழுந்திருக்க முடியவில்லையாம். தன்னால் ஓட முடியாது, சொல்லிவிட்டுப் போகத்தான் வந்ததாகச் சொன்னார்.

"நான் சும்மாதானே நிக்கிறேன். விட்டுட்டுப் போ" என்றார் மாஸ்டர்.

பில்லம்மா பாப்பாவின் கையைப் பிடித்திருந்த பிடி இறுகியதை நான் பார்த்தேன். எனக்கு அவர் ஓடுவதோ ஓடாததோ அந்த நிமிஷம் பெரிதாகத் தெரியவில்லை. வேண்டாம் என்று சொல்லிவிடுவாரோ என்றுதான் பயந்தேன்.

"வந்துச்சுன்னா ஒருக்களிச்சுப் படுக்க வைங்க" என்றார் கடைசியில். "வாயில எதையும் வைக்காதீங்க. கையக் கால அமுக்காதீங்க, தலை மட்டும் தரையில இடிக்காமப் பாத்துக்கங்க. அஞ்சு நிமிஷத்துக்கு மேல போனா ஆம்புலன்ஸ கூப்பிடுங்க." மாஸ்டர் ஒவ்வொன்றையும் அவரிடமே திருப்பிச் சொன்னார். பில்லம்மா பாப்பாவின் கையை எடுத்து அவருடைய நல்ல கையில் வைத்தார்.

பாதி வழியில் ஓடுபாதை மைதான வேலி ஓரமாகத் திரும்பி வரும். அங்கே பாப்பாவோடு நின்று கையசைப்பதாக மாஸ்டர் சொல்லியிருந்தார். நாங்கள் வந்தபோது அங்கே அவர்கள் இல்லை. பில்லம்மா நின்றுவிட்டார். பின்னால் வந்தவர்கள் எங்கள்மேல் இடித்துக்கொண்டு போனார்கள். எனக்கு மூச்சு வாங்கியதில் பேச்சே வரவில்லை. போய்ப் பார்க்கலாம் என்று கையால் காட்டினேன்.

அவர் வேலிக்கு அந்தப் பக்கம் பார்த்தார். முகம் வெளுத்திருந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டார்.

"மாஸ்டர் பாத்துப்பாரு. வாங்கண்ணே" என்று சொல்லிவிட்டு ஓட ஆரம்பித்தார். அழுதுகொண்டேதான் ஓடினார். அந்த வேகத்துக்கு ஈடுகொடுத்து நான் எப்படி ஓடி முடித்தேன் என்பது எனக்கே தெரியாது.

முடிந்ததும் கழுத்தில் மெடலோடு மைதானத்துக்குள் ஓடினோம். தண்ணீர்த் தொட்டிச் சுவரின் நிழலில், தரையில் மாஸ்டர் உட்கார்ந்திருந்தார். அவர் மடியில் தலை வைத்து, ஒருக்களித்துப் பாப்பா தூங்கிக்கொண்டிருந்தாள். அவருடைய பேண்ட் முன்பக்கம் முழுக்கப் பாப்பாவின் மூத்திரத்தில் நனைந்திருந்தது. கட்டுப்போட்ட கை பாப்பாவின் முகத்தில் வெயில் படாமல் மறைத்துக்கொண்டிருந்தது.

"வந்துச்சு. ரெண்டு நிமிஷம்கூட இல்ல" என்றார் மாஸ்டர் தாழ்ந்த குரலில். "அப்புறம் தூங்கிருச்சு. எனக்குக் கால் மரத்துப்போச்சு, அசைஞ்சா முழிச்சுக்கும்."

பில்லம்மா குனிந்து மகளின் மூச்சைப் பார்த்தார். தூக்கிக்கொள்வார் என்று நினைத்தேன். தூக்கவில்லை. மாஸ்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, சுவரில் தலையைச் சாய்த்தார். வீட்டில் எத்தனை ராத்திரி விழித்துக் கிடந்தவரோ, கண்ணை மூடிய கொஞ்ச நேரத்திலேயே தூங்கிப்போனார்.

போட்டோ எடுக்க எங்கள் பட்டறையை மைக்கில் சத்தமாக மேடைக்குக் கூப்பிட்டார்கள். மாஸ்டர் என்னைப் பார்த்து முறைத்தார். நான் போய் மைக்கைக் கொஞ்ச நேரம் நிறுத்தி வைக்கச் சொன்னேன்.