கேற்றடியில் மாற்றிய சாறி

விடிந்ததிலிருந்து வலது தோள்மூட்டு குத்திக்கொண்டே இருந்தது. கிராண்ட்பாஸ் பட்டறையில் முந்தின நாள் பாக்கியலெட்சுமி நானூற்றுச் சொச்சம் காற்சட்டைகளுக்கு ஸ்டீம் அயன் பிடித்திருந்தாள். அவை எந்த நாட்டுக்குப் போகின்றன என்று அவளுக்குத் தெரியாது. ஒன்றுக்கு நான்கு இழுப்பு, மடிப்பு கத்திபோல் நிற்க வேண்டும், அவ்வளவுதான். ஐந்து வருடத்தில் அந்தக் கை முதுகுப் பக்கம் போவதையே நிறுத்திவிட்டது. கொண்டையைக்கூட இடது கையால்தான் முடிகிறாள். அதனால் மகளுடைய முதலாம் வகுப்பு நேர்முகத்துக்கு இருப்பதில் நல்ல சல்வாரைப் போட்டுக்கொண்டு வந்தாள். சாறிச் சட்டமெல்லாம் இப்போது இல்லையாம் என்று பட்டறையில் ஒருத்தி சொன்னதையும் நம்பித்தான் வந்தாள்.

"சாரிய நெத்துவ பே, அக்கே," என்றார் கேற்றடிக் காவலாளி. சாறி இல்லாமல் உள்ளே விட முடியாதாம். அவர் ஏசவுமில்லை, முறைக்கவுமில்லை. மழை வருகிறது என்று சொல்வதுபோலச் சொல்லிவிட்டு, பலகையில் வரைந்திருந்த சாறிக்காரப் பெண்ணைக் காட்டினார். பாக்கியலெட்சுமி தனக்குத் தெரிந்த சிங்களத்தில் கெஞ்சினாள். உள்ளே முப்பத்தாறாம் இலக்கத்தைக் கூப்பிடுவது கேட்டது. அவளுடையது முப்பத்தெட்டு. ஜிந்துப்பிட்டிக்கு ஓடிப்போய்க் கட்டிக்கொண்டு வருவதற்குள் இலக்கம் போய்விடும். இந்தப் பள்ளிக்கூடம் தவறினால் அடுத்தது இரண்டு பஸ் தூரம். காலை ஆறரைக்குப் பட்டறைக்கு ஓடுகிறவள் எந்த நேரத்தில் பிள்ளையைக் கொண்டுபோய் விடுவாள்?

"என்னகா, சாறியா பிரச்சின?"

நேர்முகம் முடித்து, ஃபைலை மார்போடு அணைத்துக்கொண்டு வெளியே வந்த ஒருத்தி கேட்டாள். பதிலுக்கு நிற்காமல் கையைப் பிடித்து றோட்டுக்கு எதிர்ப்பக்கம் இழுத்துப் போனாள். அங்கே ஸாலிஹ் நானாவின் போட்டோக்கொப்பிக் கடை. பின்பக்கம் பேப்பர் பெட்டிகளுக்கு நடுவே ஒரு திரை தொங்கியது.

"இன்டைக்கி இது நாலாவது சோடி," என்றார் ஸாலிஹ் நானா, மெஷினிலிருந்து தலையெடுக்காமல். "போர்ட மாத்தி எழுதத்தான் வேணும். போட்டோக்கொப்பி, லேமினேட்டிங், சாறி மாத்தல்."

"எழுதுங்க நானா, கொமிசன் எங்களுக்கும் தாங்க," என்று சொல்லிக்கொண்டே அவள் திரைக்குள் சாறியை அவிழ்த்தாள். பெயர் அனுஷியா. வெள்ளவத்தையில் ஒரு சாறிக் கடையில் வேலை. ஊர் மட்டக்களப்புப் பக்கம்.

துணியைக் கையில் வாங்கியதுமே பாக்கியலெட்சுமிக்கு விளங்கிவிட்டது. பட்டறையில் அவள் கையில் படுவதெல்லாம் வழுக்குகிற துணி; சூடு கொஞ்சம் கூடினால் சுருண்டுகொள்ளும். இது பருத்தி. துவைத்துத் துவைத்து மெதுமையாகியும் எலும்பு விடாத துணி. கடும் ஊதா உடம்பு, கரையில் கடுகு மஞ்சளில் சின்னச் சின்னக் கட்டம்.

"மருதமுனைக் கைத்தறி. கடையில யூனிஃபோர்ம் சாறி தந்திருக்காங்க, வேர்த்தா முதுகுல ஒட்டும். அத அங்க போய்த்தான் மாத்துவன். போக வர இதுதான். பஸ்ஸில ஏறினா, கலியாண வீட்டுக்கா போறீங்க எண்டு கேக்குறாங்க. சாறி விக்கிற கடைக்குச் சாறியோட போறது இப்ப நான் மட்டுந்தான்கா."

சட்டை தொளதொளத்தது. அனுஷியா முதுகில் இரண்டு ஊசி குத்தி இழுத்துப் பிடித்தாள். அக்குளில் அவளுடைய வேர்வைச் சூடு இன்னும் இருந்தது. பாக்கியலெட்சுமியின் கை மேலே போகாததைக் கண்டு, முந்தானையையும் அவளே தோளில் மடித்துக் குத்தினாள். பிறகு முழங்காலிட்டு உட்கார்ந்து கொசுவத்தை ஒவ்வொன்றாக நீவிவிட்டாள்.

"நீங்க எங்க இருக்கீங்க?"

"ஜிந்துப்பிட்டிங்க. கோயிலுக்குப் பின்னால தோட்டத்துல, வரிசை வீடுங்க."

"குடுத்து வச்சவங்க, பள்ளிக்குக் கிட்ட. நாங்க கொலன்னாவ, தூரம். இங்க இருக்கிற அக்காட அட்ரஸிலதான் மகன் அனுஜனுக்குப் போட்டிருக்கன்." கொசுவத்தைச் செருகிவிட்டு நிமிர்ந்தாள். "ஆருக்கிட்டயும் சொல்லிராதீங்க."

"நான் யாருக்கிட்டங்க சொல்லப் போறேன்."

மேசைக்குப் பின்னால் மூன்று பேர் இருந்தார்கள். நடுவில் இருந்த உப அதிபர் அம்மா காகிதங்களைப் புரட்டினார். வாக்காளர் இடாப்பில் பெயர் இரண்டு வருடமாகத்தான் இருக்கிறது. வாடகைக்கு எழுத்து இல்லை. கரண்ட் பில் வீட்டுக்காரர் பெயரில்.

"புள்ளி காணாது போல கிடக்கு அம்மா. வகுப்பில இருக்கிற இடமும் கொஞ்சம்."

"வேற ஒன்னும் இல்லீங்க டீச்சர். ஆனா அங்கதான் இருக்கோம். வந்து பாருங்க."

அந்த அம்மா மூக்குக்கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். பார்வை முகத்தில் இல்லை, தோளில் இருந்தது.

"இது மருதமுனைச் சாறியெல்லோ. இப்ப ஆர் இதைக் கட்டினம். கொஞ்சம் முதல் வந்த ஒரு பிள்ளையும் இதேதான் கட்டியிருந்தா." சிரித்தார். நல்ல சிரிப்புத்தான். "கேற்றடியில மாத்தினனீங்களோ? பரவாயில்லை. பக்கத்து வீடோ அவ?"

ஓம் என்றால் முடிந்துவிடும். பாக்கியலெட்சுமியின் வாயில் அந்தச் சொல் வந்தும் விட்டது. ஆனால் பக்கத்து வீடு என்று சொல்லி, வீடு பார்க்க வருகிறவர்கள் அவளைத் தேடி, அவள் அங்கே இல்லாமல் போனால்? தானும் பொய்க்காரி ஆவாள். தன்னுடைய காகிதத்தையும் சேர்த்துக் கிழித்துப் போடுவார்கள். இப்படி நினைத்தாள். இப்படித்தான் நினைத்தேன் என்று பிறகு எத்தனையோ முறை தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். வகுப்பில் இருக்கிற இடம் கொஞ்சம் என்று அந்த அம்மா சொன்னது அப்போது காதுக்குள் இல்லவே இல்லை என்று மட்டும் அவளால் சொல்ல முடியவில்லை.

"இல்லீங்க டீச்சர். அவங்க கொலன்னாவ."

சிரிப்பு நின்றது. அந்த அம்மா நேர்முகம் முடிந்தவர்களின் அடுக்கிலிருந்து ஒரு ஃபைலை உருவி, முதல் பக்கத்தில் சிவப்புப் பேனையால் என்னவோ எழுதி, திரும்ப வைத்தார். பிறகு பாக்கியலெட்சுமியின் ஃபைலை எடுத்தார். "சரி, உங்கட வீட்டைப் பார்க்க வருவினம்," என்றார்.

எழும்பும்போது முதுகில் ஓர் ஊசி திறந்து தைத்தது. போட்டோக்கொப்பிக் கடை வரைக்கும் அவள் அதைத் தொடவில்லை.

திரைக்குள் யாரும் இல்லை. "கடையில இருந்து போன்ல கோல் மேல கோல். ஒங்கட சல்வாரோடயே ஓடிட்டா," என்று ஸாலிஹ் நானா ஒரு துண்டில் நம்பரை நீட்டினார். "சாறிய ஆறுதலாத் தரட்டாம், அவசரமில்லையாம்."

வீடு பார்க்க வந்தார்கள். ஒரே அறையையும், சுவரோரம் தூங்கிக்கொண்டிருந்த மகள் விதுஷிகாவையும் பார்த்துக் குறித்துக்கொண்டு போனார்கள். பாக்கியலெட்சுமி சாறியைத் துவைத்துக் காயப்போட்டாள். பட்டறைக்குக் கொண்டுபோய், மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஸ்டீம் அயன் பிடித்தாள். சூப்பவைசர் கண்டு, "யாருக்கு இந்த ஓர்டர்?" என்று கேலி பண்ணினான். அடுத்த கிழமை கொடுக்கலாம் என்று நினைத்தாள். அடுத்த கிழமையும் அதையே நினைத்தாள். அனுஷியா ஒருதரம் கோல் எடுத்தாள், சாறிக்காக இல்லை.

"அக்காட வீட்டுக்கு ரெண்டு தரம் வந்து பாத்திருக்காங்ககா. புள்ளட உடுப்பு எங்க, புத்தகம் எங்க எண்டு அலுமாரியெல்லாம் திறந்து கேட்டாங்களாம். ஆரோ சொல்லிக் குடுத்திருக்காங்க. அந்தத் தோட்டத்துச் சனந்தான், பொறாம." பிறகு பேச்சை மாற்றினாள். "ஒங்கட சல்வார் நல்ல வசதிகா. பஸ்ஸில ஏறி இறங்க லேசு. பழகிட்டன்."

பெயர்ப் பட்டியல் ஒட்டிய அன்றும் அவள்தான் கோல் எடுத்தாள். "லீவு தாறாங்க இல்ல. அனுஜன்ட பேரப் பாத்துச் சொல்லுவீங்களா?" பாக்கியலெட்சுமி அப்போது பலகைக்கு முன்னால்தான் நின்றிருந்தாள். விதுஷிகா ஐம்பத்தெட்டாவது. மேலிருந்து கீழாகவும் கீழிருந்து மேலாகவும் விரல் வைத்துப் பார்த்துவிட்டாள். அனுஜன் இல்லை.

"கூட்டமா இருக்குங்க. கிட்ட போக முடியல. பாத்துட்டுச் சொல்றேன்."

சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாறியைப் பையில் போட்டுக்கொண்டு வெள்ளவத்தைக்கு பஸ் ஏறினாள். காலி வீதியின் எதிர்ப்பக்கம், பாண் கடை நிழலில் நின்று பார்த்தாள். கண்ணாடிக்கு உள்ளே அனுஷியா பளபளக்கிற யூனிஃபோர்ம் சாறியோடு நின்றாள். அதற்கு மேலால் சிவப்புக் கூறைச் சாறி ஒன்றைத் தோளில் போட்டிருந்தாள். ஒரு தாய் போனைத் தூக்கிப் பிடித்து, ரொறொன்ரோவிலோ லண்டனிலோ இருக்கிற மணப்பெண்ணுக்கு அவளைக் காட்டிக்கொண்டிருந்தாள். திரும்பு என்றபோது திரும்பினாள். கரையைக் காட்டு என்றபோது இரண்டு கையாலும் விரித்துக் காட்டினாள். முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது. பள்ளிக்கூடத்தில் பெயர் இல்லை என்பது இதற்குள் அவளுக்குத் தெரிந்திருக்கும். யார் சொன்னது என்பது தெரியாது.

மூன்று பஸ் போகும் வரைக்கும் பாக்கியலெட்சுமி நின்றாள். நாலாவதில் ஏறினாள். பை மடியில் இருந்தது.

ஒரு மருதமுனைச் சாறி, ஒரு சட்டை, ஒரு உள்பாவாடை, அதோடு கொலன்னாவ என்று சொன்ன வாய் என்னுடையதுதான் என்று ஒரு பேச்சு. நாலும் அனுஷியாவுக்குக் கொடுக்க வேண்டியது. நாலும் இன்னும் கொடுபடவில்லை.