மாரக்காளின் வாய்

காளியப்பனின் நாடகக் குழு 1927இல் எடப்பாடிக்கு வந்தபோது, வந்த அன்றே ஒரு தப்பைச் செய்தது. நெசவாளர் தெருவில் நீளமாக இழுத்துக் கட்டியிருந்த பாவின்மேல் தன் சாமான் வண்டியை ஓட்டிவிட்டது. நூல் அத்தனையும் அறுந்து மாட்டின் காலில் சுற்றிக்கொண்டது. அது மாரக்காள் வீட்டுப் பாவு.

மாரக்காளுக்கு அப்போது இருபத்திரண்டு வயது. அவள் வாய்க்குப் பயந்து, கொடுத்த மோரைக்கூட முழுதாகக் குடிக்காமல் மூன்று மாப்பிள்ளை வீட்டார் எழுந்து போயிருந்தார்கள். அவள் முதலாளியைத் தேடிக் கொட்டகைக்குப் போனபோது நாடகம் நடந்துகொண்டிருந்தது. இருப்பவர்களில் பளபளவென்று உடுத்தியிருப்பவர்தான் முதலாளியாக இருக்க வேண்டும் என்று எண்ணி நேரே மேடையேறினாள். சிம்மாசனத்தில் இருந்த ராஜாவைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏனுங்க, கிரீடம் வெச்சா கண்ணு மறைச்சுப் போகுங்களா? ஊட்டு வாசல்ல பாவு கட்டியிருக்கறது தெரியலீங்களா?"

ராஜா மந்திரியைப் பார்த்தார். மந்திரி, விசாரித்து நீதி வழங்கப்படும் என்று தன் பங்குக்குச் சொல்லிவைத்தார். கொட்டகையே விழுந்து விழுந்து சிரித்தது. மறுநாள் ஜனங்கள் பாவுக்காரி வந்தால்தான் ஆச்சு என்று தரையைத் தட்டினார்கள். காளியப்பன் புது நூலோடு அவள் வீட்டுக்கு ஓடினார். மாரக்காளின் அப்பா சற்று யோசித்தார். கொஞ்ச நாளைக்கு வீடு அமைதியாக இருக்கும் என்று தோன்றவே, கூட்டிப் போகச் சொல்லிவிட்டார்.

அதன்பின் ஊர் ஊராக ராஜாக்களைத் திட்டுவதே அவள் வேலையானது. நாமக்கல்லில் மட்டும் அவளுக்கு வேலைக்காரி வேஷம். அன்று எமனாக வந்தவர் பாலசுந்தரம். ஆறடி உயரம், முரசு போன்ற குரல். கதாநாயகனின் உயிரை எடுக்கப் பாசக்கயிற்றை வீசினார். குறுக்கே நின்ற மாரக்காள், கூட்டிப் பெருக்கிய வீட்டுக்குள் செருப்போடு வரலாமா என்று கேட்டாள். அது நாடகத்தில் இல்லாத பேச்சு. பாலசுந்தரம் பதறிச் செருப்பைக் கழற்றினார். அதோடு வசனமும் மறந்து போயிற்று. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டார், உயிரை எடுக்காமல் போய்விட்டார். கணவன் சாகாததால், ஒப்பாரிக்கென்று ஐந்து பாட்டுப் பாடம் செய்து வைத்திருந்த கதாநாயகி திரைக்குப் பின்னால் உட்கார்ந்து நிஜமாகவே அழுதாள்.

மறு மாதம் பாலசுந்தரம் பெண் கேட்டு வந்தார். மாரக்காள் நம்பவில்லை.

"என்ற வாயி உங்களுக்குத் தெரியுமல்லங்க?"

"எமன் வேசம் கட்டிக் கட்டி, எல்லாரும் என்னையக் கண்டா ஒதுங்கிப் போறாங்க," என்றார் அவர். "திட்டறதுக்காச்சும் ஒரு ஆள் பக்கத்துல நிக்கோணுமுங்க."

கல்யாணம் நடந்தது.

அதற்குள் அவள் பேர் சென்னை வரை எட்டிவிட்டது. ஒரு படக் கம்பெனி கூப்பிட்டனுப்பியது. அது ஊமைப்படக் காலம். பேச்சு கேட்காது என்று எவ்வளவோ சொல்லியும், மாரக்காள் ஒரு சொல் குறைக்காமல் முழுசாகத் திட்டித் தீர்த்தாள். படம் சேலத்துக்கு வந்தபோது, திரையில் வாய் அசைவதைப் பார்த்த ஜனங்கள் என்ன சொல்கிறாள் என்று கூச்சல் போட்டார்கள். திரையோரம் நின்று கதை சொல்லும் ஆளுக்குத் தெரியவில்லை. பின்வரிசையில் இருந்த மாரக்காள் பொறுக்க முடியாமல் எழுந்து போய், திரைக்குப் பக்கத்தில் நின்று தன் வாயசைவையே பார்த்துப் பார்த்து, அன்று திட்டியதை அப்படியே திட்டிக் காட்டினாள். இரண்டு வாரம் அந்தக் கொட்டகையில் இடம் கிடைக்கவில்லை.

பேசும்படம் வந்ததும் அவள் காட்டில் மழை. மாமியார், கொழுக்கட்டை விற்பவள், ஜமீன்தாரின் அத்தை என்று வருஷத்துக்கு நாலு படம். ஒரு டைரக்டர் அவளை 'பிராணநாதா' என்று சொல்லச் சொன்னார். அவள் அதைச் சொன்ன விதத்தில் காமிராக்காரர் சிரித்து, காமிராவும் சேர்ந்து ஆடியது. அந்தக் காட்சி அப்படியே ஆட்டத்தோடு படத்தில் இருக்கிறது.

1943இல் புது டைரக்டர் ஒருவர் அவளுக்கு ஊமை வேஷம் கொடுத்தார். பாலசுந்தரம் வேண்டாம் என்றார். காளியப்பன்கூட, வயதான காலத்தில் கேள்விப்பட்டு, பிழைப்புப் போய்விடும் என்று எழுதினார். மாரக்காளுக்கும் பயம்தான். ஆனாலும் தொண்டைக்குக் கொஞ்சம் ஓய்வு கிடைக்குமே என்று ஒப்புக்கொண்டாள்.

படம் வந்தபோது புருஷனும் பெண்சாதியும் முக்காடு போட்டுக்கொள்ளாத குறையாகச் சூரமங்கலம் கொட்டகைக்குப் போனார்கள். திரையில் அவள் வாயைத் திறக்கும்போதெல்லாம் கொட்டகை மூச்சைப் பிடித்துக் காத்திருக்கும். அவள் கொட்டாவி விட்டு மூடிக்கொள்வாள். கூரை பறந்துவிடும்போல் சிரிப்பு. அடுத்த தடவை தும்முவாள். அதற்கும் சிரிப்பு. பேசிப் பேசிச் சம்பாதித்ததைவிடப் பெரிய அந்தச் சிரிப்பை மாரக்காள் இருட்டில் உட்கார்ந்து அதிசயமாகக் கேட்டாள். சந்தோஷம் தாங்காமல், அந்தத் தும்மலை எத்தனை தடவை எடுத்தார்கள் என்று பாலசுந்தரத்திடம் சொல்ல ஆரம்பித்தாள்.

முன்னால் இருந்த ரயில்வேக்காரர் திரும்பினார். இருட்டில் அவருக்கு ஆள் தெரியவில்லை.

"கொஞ்சம் சும்மா இருங்கம்மா. அந்தம்மா பாருங்க, எத்தன அழகா வாய மூடிட்டு இருக்காங்க."

பாலசுந்தரம் கண்ணை இறுக மூடிக்கொண்டார். ஒன்றும் நடக்கவில்லை. மாரக்காள் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு, படம் முடியும் வரை குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.