இரண்டு ரயில் மாறிப் போகிறவர்கள்

விடியற்காலை ஐந்தரைக்கு யார்டில் வேலை தொடங்கிவிடும். ராத்திரி முழுக்க ஓடி வந்த ரயில் சூடு ஆறாமல் நின்றுகொண்டிருக்கும். பதினொரு பெட்டிக்குப் பதினொரு பேர். ஒரு கையில் பக்கெட், மறு கையில் மாப்பு, இடுப்பில் கிருமி மருந்துப் புட்டி, சட்டைப் பையில் சுரண்டுவதற்குப் பிளேடு. படியேறியதும் மூக்கைப் பொத்திக்கொள்ளத் தோன்றும். அதற்கு மூன்றாவது கை வேண்டும். கழிப்பறையில் ஆரம்பித்து, தரையைத் தேய்த்து, இருக்கைகளுக்கு அடியில் தவழ்ந்து, ஒட்டிக்கிடக்கிற சூயிங்கத்தைச் சுரண்டி, யாரோ தலை சாய்த்துத் தூங்கிய ஜன்னலின் எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து முடிப்பதற்குள் வெயில் வந்துவிடும். குழந்தை வாந்தி எடுத்த இடத்தை முகம் சுளிக்காமல் துடைப்போம். பெரியவர்கள் வேண்டுமென்றே செய்துவைத்துப் போகிற அசிங்கத்துக்குத்தான் வாயில் வந்தபடி திட்டுவோம்.

எங்களுக்குள் பேர் சொல்லிக் கூப்பிடுகிற வழக்கம் இல்லை. யார் எந்தப் பெட்டியோ அதுதான் பேர். நான் மூன்று வருஷம் ஏழாம்பெட்டியாக இருந்தேன். அடுத்த பெட்டியில் எட்டாம்பெட்டி அக்கா. அவள் புருஷன் கடைசிப் பெட்டி. எனக்கு மாமா முறை. "புருஷனுக்கும் பொண்டாட்டிக்கும் நடுவுல ரெண்டு பெட்டி இருந்தாத்தான் குடும்பம் உருப்படும்" என்பாள் அக்கா. மாமா அதைக் கேட்காத மாதிரி பீடியைத் தேடுவார்.

என்னை மாப்பிலிருந்து விடுவித்தது அவள்தான். ஜங்ஷனில் கண்ணாடி அறை திறந்தபோது, வாசலில் நிற்க ஒரு பெண் வேண்டும், எழுதப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்று கம்பெனி சொன்னது. யார்டையும் கண்ணாடி அறையையும் ஒரே கம்பெனிதான் குத்தகைக்கு எடுத்திருந்தது. நான் தயங்கினேன்.

"பன்னெண்டு வகுப்பு படிச்சது கக்கூஸ் கழுவவா? போடி, போய் நில்லு. எங்கள்ல ஒருத்தியாவது நிமிந்து நிக்கட்டும்" என்று அக்கா என் கையிலிருந்த பக்கெட்டைப் பிடுங்கிக்கொண்டாள்.

நானும் நிமிர்ந்து நின்றேன். நீல உடுப்பு, கழுத்தில் கார்டு. அந்தக் கார்டை இயந்திரத்தில் காட்டினால் கதவு தானாக விலகும். உள்ளே சோபா, காபி இயந்திரம், குளிர்காற்று, சுவரோரம் முதலுதவி அலமாரி, அதன் பக்கத்தில் ஒரு ஆக்சிஜன் சிலிண்டர். ஒரு ரயிலில் இறங்கி அடுத்த ரயிலுக்குக் காத்திருக்கிறவர்களுக்கான அறை அது. கூடுதல் பணம் கொடுத்து மணிக்கட்டில் மஞ்சள் பட்டை கட்டியவர்களை உள்ளே விடு, மற்றவர்களைச் சிரித்துக்கொண்டே திருப்பி அனுப்பு என்று மூன்று நாள் பயிற்சி கொடுத்தார்கள். சிரிப்பதற்கு மட்டும் ஒரு நாள்.

அது முன்பு எல்லோருக்குமான காத்திருப்புக் கூடம். எங்கள் ஊருக்கும் யார்டுக்கும் நேர் ரயில் கிடையாது. காலையில் ஜங்ஷனில் இறங்கி யார்டு வண்டிக்கு மாற வேண்டும், மாலையில் ஜங்ஷனில் இறங்கி ஆறு நாற்பது பாசஞ்சருக்கு மாற வேண்டும். ஐந்து பத்திலிருந்து ஆறு நாற்பது வரைக்கும் அந்தக் கூடத்து சிமெண்டு பெஞ்சில்தான் கட்டையை நீட்டுவோம். ஒருத்தி கால் அமுக்குவாள், ஒருத்தி தலை வாரிக்கொள்வாள், மூணாம்பெட்டி அண்ணன் பழைய பேப்பரைச் சத்தமாக வாசிப்பார். கண்ணாடி வந்தபின் அவர்கள் நாலாம் பிளாட்பாரத்தின் கோடியில், கூரை முடிந்துபோகிற இடத்தில், தரையில் உட்கார்ந்தார்கள். கூரைக்கு அடியில் இடம் இல்லை. மஞ்சள் பட்டைக்காரர்கள் முதலில் ஏறுவதற்காக அங்கே கம்பி வைத்து வரிசை கட்டியிருந்தார்கள்.

இந்த முதலில் ஏறுகிற வசதி பிளாட்பாரத்தோடு நிற்கவில்லை, யார்டு வரைக்கும் வந்தது. அவர்கள் நிதானமாக ஏறி உட்கார வேண்டும் என்றால் ரயில் நாற்பது நிமிஷம் முன்னதாகவே வந்து நிற்க வேண்டும். அந்த நாற்பது நிமிஷத்தை வேறு யாரிடம் பிடுங்குவார்கள்? மருந்து அடித்தபின் கதவு, ஜன்னலைத் திறந்துபோட்டு இருபது நிமிஷம் காற்றாட விடுவது வழக்கம். அதைத்தான் முதலில் வெட்டினார்கள். மூடிய பெட்டிக்குள் மருந்து அடித்த கையோடு துடைக்க வேண்டும். ஒரு மாதத்தில் அக்காவுக்கு இழுப்பு வந்துவிட்டது. பேசும்போது நடுவில் நிறுத்தி, கையை ஆட்டி, மூச்சு வாங்கிவிட்டு மிச்சத்தைச் சொல்வாள்.

ஒருநாள் கம்பெனி மேலாளர் கண்ணாடி அறைக்கு வந்திருந்தபோது வாசலிலேயே அவரை மறித்துக்கொண்டாள்.

"சார், மருந்து நெடி போறதுக்கு அந்த இருபது நிமிஷம் வேணும். உள்ள நிக்க முடியல."

"என் கையில இல்லம்மா அது. பயணிங்க பிளாட்பாரத்துல நிப்பாங்க."

"பயணிங்க நிக்கக் கூடாது. நாங்க படுத்துட்டா பரவால்லையா? அப்புறம் யாரு தொடப்பா?"

"ஆள் கிடைக்கும்."

மேலாளர் கத்துகிறவர் அல்ல. கத்தியிருந்தால் அவளும் கத்தியிருப்பாள். அவ்வளவு தன்மையாகச் சொன்னதும் அவள் வழியை விட்டு ஒதுங்கினாள். என்னைப் பார்த்தாள். நான் பயிற்சியில் சொல்லிக்கொடுத்தபடி நேரே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அந்த மழை நாளைப் பற்றி இனிமேல் சொல்லித்தான் ஆக வேண்டும்.

சாயந்திரம் ஐந்தரை இருக்கும். மழை சாய்வாக அடித்தது. மாமாவும் மூணாம்பெட்டி அண்ணனும் அக்காவைக் கைத்தாங்கலாகக் கொண்டுவந்தார்கள். புடவை முழுக்க நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. உதடு கறுத்திருந்தது. மூச்சை உள்ளே இழுக்கிறாள், இழுக்கிறாள், அது போய்ச் சேரவில்லை.

"கதவைத் திற. உள்ள அந்த சிலிண்டர் இருக்கில்ல" என்றார் மாமா.

கார்டு என் கழுத்தில் இருந்தது. இயந்திரம் ஒரு முழ தூரத்தில். உள்ளே சிலிண்டர் பதினைந்து அடி. நான் என்ன செய்தேன் தெரியுமா? போனை எடுத்தேன். மேலாளரைக் கூப்பிட்டு, "சார், யார்டு ஆள் ஒருத்தருக்கு மூச்சு முட்டுது, உள்ள விடலாமா" என்று கேட்டேன்.

கேட்டிருக்கவே கூடாது. கேட்டுவிட்டால் பதிலுக்கு நிற்க வேண்டும். அவர், இரு, மேலே கேட்கிறேன் என்றார். போனில் பாட்டு ஓடியது. அக்கா தரையில் உட்கார்ந்து கண்ணாடியில் கையை ஊன்றிக்கொண்டிருந்தாள். உள்ளேயிருந்து ஒரு அம்மாள் காபிக் கோப்பையோடு எழுந்து பார்த்தாள். மாமா, "ஏழாம்பெட்டி, ஏழாம்பெட்டி" என்று என்னைப் பழைய பேரில் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். மேலாளர் திரும்ப வந்து, உள்ளே விட வேண்டாம், ஆம்புலன்சுக்குச் சொல்லியாயிற்று என்றார்.

போனைப் போட்டுவிட்டு ஓடினேன். சிலிண்டரை இழுத்துக்கொண்டு வந்தேன். திருகத் தெரியவில்லை, மாமாதான் திருகினார். முகமூடியை வைத்தபோது அக்காவின் கண் என் மேல்தான் இருந்தது. கோபமாக இருந்திருந்தால் தாங்கிக்கொள்வேன். அதில் கோபம் இல்லை. ஆம்புலன்சிலேயே போய்விட்டாள். பத்து நிமிஷம் முன்னால் கொடுத்திருந்தால் பிழைத்திருப்பாள் என்று டாக்டர் மாமாவிடம் சொன்னாராம். அந்தப் பத்து நிமிஷம் என்னிடம்தான் இருந்தது.

சாவு வீட்டுக்குப் போனேன். தெருமுனை வரைக்கும்தான் கால் போனது. மாமா வாசலில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்தார், தலையைத் திருப்பிக்கொண்டார். அங்கேயே ஒரு கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்று, எல்லாம் முடிந்தபின் வீட்டுக்கு வந்தேன்.

எட்டாம்பெட்டிக்கு மறுநாளே ஆள் வந்தது. பத்தொன்பது வயசுப் பெண். அவளை எட்டாம்பெட்டி என்று கூப்பிட ஒருத்தருக்கும் வாய் வரவில்லை. பாப்பா என்று கூப்பிட்டார்கள்.

நாலாவது நாள் மேலாளர் என்னைத் தனியாக அழைத்தார். விசாரணை வந்தால் பயப்படாதே என்றார். "அவங்களுக்கு அந்த ரூமுக்குள்ள வர உரிமை கிடையாது. கேட்டுட்டுதான் முடிவெடுத்திருக்க. நீ சரியாத்தான்மா செஞ்ச."

ஊரே காறித் துப்பியிருந்தாலும் எனக்கு இவ்வளவு வலித்திருக்காது. என் இடத்துக்குத் திரும்பி வந்தேன். அன்றைக்கு நிமிர்ந்து நிற்க முடியவில்லை. சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பி அழுதேன். அழுது ஓய்ந்தபோது கண்ணுக்கு நேரே ஒரு சட்டம் போட்ட அறிவிப்பு. எட்டு மாதமாக என் முதுகுக்குப் பின்னால் தொங்கிக்கொண்டிருந்தது. ரயில்வே கொடுத்த நிபந்தனைகள், எறும்பு எழுத்தில் பன்னிரண்டு. நான்காவது இது: இந்நிலையத்தில் ரயில் மாறி, அடுத்த ரயிலுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் காத்திருக்கும் பயணிகள், எந்த வகுப்புச் சீட்டு வைத்திருந்தாலும் இக்கூடத்தைப் பயன்படுத்தலாம்.

மூன்று முறை வாசித்தேன். யார்டிலிருந்து ஒரு ரயில், ஊருக்கு ஒரு ரயில். நடுவில் ஒன்றரை மணி நேரம். அக்காவின் சீசன் பாஸில் இரண்டு ரயிலும் அச்சாகியிருக்கும். பன்னிரண்டு வகுப்பு படித்தவள் என்றுதானே என்னை அங்கே நிறுத்தினாள்.

அதைத் தாளில் எழுதிக்கொண்டு அன்று மாலையே பிளாட்பாரக் கோடிக்குப் போனேன். யாரும் நகர்ந்து இடம் கொடுக்கவில்லை. நின்றபடியே வாசித்தேன்.

"இதை அவ உயிரோட இருக்கும்போது படிக்கறதுக்கு என்ன?" என்றார் மூணாம்பெட்டி அண்ணன்.

  மாமா தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் பாப்பாதான், "அந்த நாலாவதை இன்னொரு தடவை படிங்கக்கா" என்றாள். படித்தேன். ஒவ்வொருவராகப் பாஸை எடுத்துத் திருப்பிப் பார்த்தார்கள்.

"கேட்டா குடுக்க மாட்டான்" என்றார் அண்ணன்.

"கேக்க வேண்டாம்ணே. கேட்டுத்தான் கெட்டோம்" என்றேன் நான்.

அன்று அங்கேயே மூன்று விஷயம் முடிவாயிற்று. காற்றாட விடுகிற இருபது நிமிஷம் திரும்ப வர வேண்டும். யார்டில் ஒன்று, பிளாட்பாரத்தில் ஒன்று என்று ஆக்சிஜன் சிலிண்டர் வைக்க வேண்டும். அதுவரைக்கும் தினமும் மாலை பதினொரு பேரும் கண்ணாடி அறையில்தான் காத்திருப்பது. 

மறுநாள் ஐந்து பத்து வண்டியிலிருந்து இறங்கி நேரே வந்தார்கள். கால் கழுவி, தலை வாரி, கையில் பாஸோடு, ஒருவர் பின் ஒருவராக. யாரோ சொல்லியிருக்க வேண்டும். மேலாளர் முன்கூட்டியே வந்து என் பக்கத்தில் நின்றிருந்தார்.

"இது பயணிங்களுக்கு. நீங்க வேலையாளுங்க" என்றார், அதே தன்மையோடு.

"வேலை முடிஞ்சுடுச்சு சார்" என்றார் அண்ணன். "ஒரு ரயில்ல வந்து இறங்கினோம், இன்னொரு ரயில்ல வீட்டுக்குப் போறோம். இதுக்குப் பயணின்னு சொல்லாம வேற என்ன பேரு?"

"சீசன் பாஸெல்லாம் டிக்கெட்ல சேராது."

"அப்போ இத்தனை வருஷமா டிக்கெட் இல்லாமயா வந்து போயிட்டிருக்கோம்? பரிசோதகரைக் கூப்பிடுங்க, அவர்கிட்டயே கேப்போம்."

"துணியைப் பாருங்க. சோபா அழுக்காகும்."

"அழுக்கானா நாங்கதானே சார் தொடைக்கப்போறோம்" என்றாள் பாப்பா.

வரிசையில் ஒரு சிரிப்பு எழுந்து அடங்கியது. மேலாளர் என் பக்கம் திரும்பினார். "திறந்தா நாளையிலேருந்து நீ வர வேண்டாம்."

இந்தத் தடவை நான் யாரையும் எதையும் கேட்கவில்லை. கார்டைக் காட்டினேன். கதவு விலகியது. பத்துப் பேர் உள்ளே போனார்கள். "அந்த இருபது நிமிஷமும் ரெண்டு சிலிண்டரும் வர்ற வரைக்கும் இங்கதான் சார் இருப்போம்" என்று மேலாளரிடம் சொல்லிக்கொண்டே போனார் அண்ணன். சோபாவின் நுனியில், முதல்முறை பெண் பார்க்க வந்தவர்கள் மாதிரி உட்கார்ந்தார்கள். மஞ்சள் பட்டைக்காரர் ஒருவர் முணுமுணுத்துக்கொண்டே நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டார். ஒரு அம்மாள் பக்கத்து இருக்கையிலிருந்து தன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"கார்டைக் கழட்டு" என்றார் மேலாளர். கழற்றிக் கொடுத்தேன். அதை வாங்கிக்கொண்டு அவர் போனை எடுத்தார். நான் வாசலில் வெறுங்கழுத்தோடு நின்றேன்.

கடைசியாக நின்றவர் மாமா. கதவு மூடப் போன நேரத்தில் வாசற்படியில் குறுக்கே உட்கார்ந்தார். அவர் உடம்பு நடுவில் இருந்ததால் கதவு பாதியில் நின்று, மறுபடி விலகிக்கொண்டது.

"உள்ள போ" என்றார். அந்த மழை நாளுக்கப்புறம் என்னிடம் அவர் பேசிய முதல் வார்த்தை அது.

"மாமா, நான்..."

"அவளுக்குத் திறக்கலையேன்னு இருக்கு. என் கட்டை வேகற வரைக்கும் இருக்கும். இல்லேன்னு உனக்காகப் பொய் சொல்ல மாட்டேன்." மூச்சு விட்டுக்கொண்டார். "அது என்னோட இருக்கட்டும். நீ போய் அவங்களோட உக்காரு. வாசலை நான் பாத்துக்கறேன்."

உள்ளே போனேன். பாப்பா நகர்ந்து இடம் கொடுத்தாள். அழக்கூடாது என்றுதான் நினைத்தேன், முடியவில்லை. அண்ணன் மேஜையில் கிடந்த பேப்பரை எடுத்துச் சத்தமாக வாசிக்க ஆரம்பித்தார். மேலாளர் கூப்பிட்ட காவலர்கள் நாலு பேர் படிக்கட்டில் இறங்கி வந்து, குறுக்கே உட்கார்ந்திருந்த மனிதரைப் பார்த்து, அவரைத் தாண்டுவதா தூக்குவதா என்று தெரியாமல் நின்றார்கள். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

ஆறு நாற்பது பாசஞ்சர் நாலாம் பிளாட்பாரத்துக்கு வருவதாக அறிவித்தார்கள். வந்தது, நின்றது, ஊதியது. எங்கள் ரயில் அதுதான். யாரும் எழுந்திருக்கவில்லை.