ஒரு கதவுக்கு இரண்டு உபயம்

சாமிக்குக் கதவு செய்து கொடுப்பவர்களுக்குச் சாமியைப் பற்றிக் கவலை இருக்கும் என்று நினைத்தால், உங்களைவிட அப்பாவி இந்தத் திருப்பூரில் கிடையாது. நான் சித்ரகலா. அருள்புரத்தில் சிஎன்சி மெஷின் வைத்து மரத்தில் எழுத்து வெட்டிக் கொடுக்கிறேன். பார்த்ததைத்தான் சொல்கிறேன்.

மயில்சாமியும் வேல்குமாரும் பங்காளிகள். இருவருக்கும் பனியன் கம்பெனி. மங்கலம் பக்கம் இருக்கும் குலதெய்வக் கோயிலுக்குப் புதுக்கதவு உபயம் யாருடையது என்று அடித்துக்கொண்டார்கள். பொறுக்க முடியாமல் ஊரார் ஆளுக்கொரு கதவாகப் பிரித்துக் கொடுத்தார்கள். வலது பக்கம் வேல்குமாருக்கு, இடது பக்கம் மயில்சாமிக்கு. சொத்தைப் பிரித்தது போதாதென்று சாமி வாசலையும் பிரித்தாயிற்று.

வேல்குமாரின் கதவை வெட்டி முடித்துச் சுவரில் சாய்த்திருந்தேன். மயில்சாமி வந்தார். மரத்தைப் பார்க்கவில்லை, மேலே இருந்த அம்மன் பெயரையும் பார்க்கவில்லை. நேராகப் போய் வேல்குமாரின் பெயருக்குள் விரலை விட்டார். நகம் மூழ்கியது. முகம் சுண்டிவிட்டது.

"அம்மணி, எம்பட பேரு இதைய விட ஆழமா இருக்கோணும்."

"ஆழத்தைத் தனியா வெக்கறதில்லீங்ண்ணா. கத்தி கூம்பா இருக்குதுங்க. எழுத்துக் கோடு அகலமானா அதுவே உள்ள எறங்கிக்கும்."

"அப்பப் பேரைப் பெருசு பண்ணுங்க."

பண்ணினேன். இடம் போதாததால் அம்மன் பெயரைச் சிறிதாக்கச் சொன்னார். சின்ன எழுத்துக்குக் கத்தி மேலோடுதான் போகும். ஆத்தாவுக்குக் கிடைத்தது ஒரு நகக்கீறல். பக்தருக்கு அதில் ஆட்சேபணை இல்லை.

"ஒண்ணு சொல்லிப்போடறனுங்க," என்றேன். "பலகை ஒரு இஞ்ச்தானுங்க. இத்தனை பெருசுக்குக் கத்தி அடி வரைக்கும் போயிரும். பாதிக்கு மேல எறங்காம லிமிட் போட்டிருக்கறனுங்க. அடி தட்டையா வரும், பார்க்க நல்லாத்தான் இருக்கும்."

"வேல்குமாருக்கு லிமிட் போட்டீங்களா?"

"அவரு பேரு சின்னதுங்க, தேவைப்படலீங்க."

"அவனுக்கு இல்லாத லிமிட்டு எனக்கெதுக்கு? எடுங்க அதைய. எத்தனை மெஷின் ஓட்டறவன் நானு, எனக்கே பாடமா?"

பனியன் தைக்கிற மெஷினுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்க நாக்கு துடித்தது. கதவு ஓட்டையானால் பழி அவர்மேல் விழாது, என் கடைமேல்தான் விழும். கும்பாபிஷேகத்துக்கு வருகிற ஊரே பார்க்கும். அப்புறம் கடைக்குப் பூட்டுப் போட வேண்டியதுதான். திரும்பத் திரும்பச் சொன்னேன். வீரபாண்டியில் வேறு கடை இருக்கிறது என்றார். பட்டால்தான் புத்தி வரும் என்று லிமிட்டை எடுத்துவிட்டேன்.

மெஷின் ஓடியது. தேக்குத் தூள் பழுப்பாகப் பறக்க, மயில்சாமி பக்கத்தில் நின்று பூரித்தார். முதல் எழுத்தின் அகலமான இடத்தில் தூள் சட்டென்று வெளுத்தது. அது கதவின் தூள் இல்லை, கதவுக்கு அடியில் போட்டிருக்கும் பலகையின் தூள். நிறுத்தினாலும் ஓட்டை ஓட்டைதான். ஓடி முடியட்டும் என்று விட்டேன்.

கதவைத் தூக்கி வாசல் பக்கம் நிறுத்தினோம். கோடு தடித்த இடமெல்லாம் பிளந்து, அவர் பெயர் வழியாகப் பல்லடம் ரோட்டு வெயில் உள்ளே வந்தது. அவருக்கு வியர்த்தது. எனக்குக் கடைப் பூட்டுதான் ஞாபகம் வந்தது. அந்த நேரம் பார்த்துத் தன் கதவை எடுத்துப் போக வேல்குமார் வந்து நின்றார்.

"என்னப்பா, ஓட்டையாயிருச்சா?"

மயில்சாமி நிமிர்ந்தார். "ஓட்டையா? நாஞ் சொல்லித்தான் போட்டது. உள்ள தீபம் ஏத்துனா எம்பட பேரு வெளிய மின்னும். உன்ற பேரு மின்னுமா?"

வேல்குமார் யோசித்தார். ரொம்ப நேரமெல்லாம் இல்லை.

"அம்மணி, என்ற கதவை மறுக்கா மெஷின்ல ஏத்துங்க. எனக்கும் அதே மாதிரி வேணும்."

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஓட்டைக்கும் போட்டி போடுகிற ஊரில் என் கடைக்கு யார் பூட்டுப் போட முடியும்? வேல்குமாரின் பெயரையும் பெரிதாக்கி அடிவரைக்கும் இறக்கிக் கொடுத்தேன்.

கும்பாபிஷேகத்தன்று வைகாசிக் காற்று பேயாக அடித்தது. சாயங்காலம் பூசாரி விளக்கேற்றி, உள்ளே நின்றபடி கதவைச் சாத்தினார். பெயர்கள் மின்னப்போகிற அழகைப் பார்க்க இரண்டு உபயதாரர்களும் முன்னால் நின்றார்கள். இரண்டு பெயர் வழியாகவும் காற்று புகுந்து விளக்கை அணைத்தது. பூசாரி ஏற்றினார், அணைந்தது. மறுபடி ஏற்றினார், மறுபடி அணைந்தது. ஆத்தா இருட்டிலேயே இருந்தாள். கடைசியில் பூசாரி, எண்ணெய்க் கை துடைக்க வைத்திருந்த பனியன் கம்பெனி வேஸ்ட் துணியைக் கிழித்து உள்பக்கமிருந்து எல்லா ஓட்டையையும் அடைத்தார். விளக்கு நின்று எரிந்தது. வெளியே ஒரு பொட்டு வெளிச்சம் இல்லை.

மயில்சாமி கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடினார். கன்னத்தில் போட்டுக்கொள்ளத்தான் ஓடுகிறார் என்று நான்கூட நம்பினேன். அவர் ஆத்தா பக்கம் திரும்பவே இல்லை. தன் பெயரில் அடைத்திருந்த துணியை இரண்டு விரலால் நெருடிப் பார்த்தார்.

"ஏனுங் பூசாரி, எம்பட பேருக்குள்ள அவன் கம்பெனி வேஸ்ட்டையா அடைச்சீங்க?"