மாடிக்கு மாடி மூன்று தட்டு

லிஃப்ட் மெக்கானிக்குக்கு நாற்பத்தாறாவது வயதில் படிப்பு ஆசை வந்தது. அதுவும் ஸ்பானிஷ். பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் வகுப்பு வந்தாலே வயிற்றுவலி வந்துவிடும் அவருக்கு. ஆனாலும் இதைக் கேட்டு அவர் மனைவி சிரிக்கவில்லை, ஒரு நோட்டு வாங்கிக் கொடுத்தாள்.

அவர்களுடைய மகள் பட்டாணிக்கு ஏழு வயதில் ரத்தப் புற்று. எலும்பு மஜ்ஜை மாற்றினால்தான் பிழைப்பாள் என்றார்கள். சொந்தபந்தம் அத்தனை பேரையும் வரிசையாக உட்கார வைத்து ரத்தம் எடுத்தார்கள், ஒருவருடையதும் சேரவில்லை. கடைசியில் உலகத்தின் ஏதோ ஒரு மூலையிலிருந்து ஒரு சின்னப் பை வந்தது. ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, சொட்டுச் சொட்டாக இறங்கி முடிந்தது. அவ்வளவுதான். பிள்ளை பிழைத்துவிட்டாள்.

சில மாதம் கழித்து டாக்டர் இன்னொன்று சொன்னார். பட்டாணியின் ரத்தப் பிரிவே மாறிவிட்டதாம்.

"அப்போ இவ உடம்புல இப்ப ஓடுறது?" என்று கேட்டார் மெக்கானிக்.

"அவங்க கொடுத்ததுலேர்ந்து வந்ததுதான்."

வீட்டுக்கு வந்து, தூங்குகிற மகளின் மணிக்கட்டில் விரலை வைத்துப் பார்த்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். முகம் தெரியாத ஒருவர் அங்கே துடித்துக்கொண்டிருந்தார். கும்பிட வேண்டும்போல் இருந்தது, எந்தத் திசையில் என்றுதான் தெரியவில்லை.

மஜ்ஜை கொடுக்க முன்வருபவர்களின் பெயரைப் பதிந்துவைக்கும் பதிவகத்தின் சட்டம் அப்படி. இரண்டு வருடத்துக்குப் பெயர் சொல்ல மாட்டார்கள், நாடும் சொல்ல மாட்டார்கள். கொடுத்தவர் ஸ்பானிஷ் பேசுபவர் என்பது மட்டும் ஒரு தாளில் இருந்தது. இப்போது இரண்டு வருடம் முடிந்து, இரு தரப்பும் சம்மதித்து, மூன்று மாதத்தில் வீடியோ அழைப்பு என்று தேதி குறித்திருந்தார்கள். பெயரும் நாடும் அதுவரை ரகசியம்தான். மொழிபெயர்க்க ஆள் தருகிறோம் என்றார்கள். மெக்கானிக் ஒரேயடியாக மறுத்துவிட்டார்.

"எம் பொண்ணுக்காக நன்றி சொல்ல வாடகை வாயா? நானே சொல்லிக்கிறேன்."

அவர் பராமரிக்கும் ஒரு கட்டடத்தின் ஐந்தாம் மாடியில் ஸ்பானிஷ் வகுப்பு நடந்தது. டீச்சர் அவரைவிடப் பதினைந்து வயது சின்னவள். முதல் கேள்வியிலேயே அவரைக் கவிழ்த்துவிட்டாள்.

"எந்த ஸ்பானிஷ் வேணும் அண்ணா?"

"எத்தனை இருக்கு?"

"இருபது நாட்டுல பேசுறாங்க. ஒவ்வொண்ணும் ஒரு தினுசு."

கணினியில் குரல்களை ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டினாள். ஒருவர் நாக்கைப் பல்லுக்கு நடுவே விட்டுப் பேசினார். ஒருவர் வார்த்தையின் வாலை விழுங்கினார். இன்னொரு பெண் ஏதோ ராகம் போடுவதுபோல் இழுத்தாள். இருபது வருடமாகச் சத்தத்தை வைத்தே கோளாறு கண்டுபிடிக்கிற காது அவருடையது. அந்தக் காது அன்று திறந்த வாயைப்போல அப்படியே நின்றுவிட்டது. இவர்களில் யாராகவும் இருக்கலாம்! தெருவில் போகிற எந்த ஸ்பானிஷ்காரராகவும் இருக்கலாம்!

"பொதுவானதைப் படிங்க. பொண்ணுக்கு 'நீன்யா'ன்னா எல்லாருக்கும் புரியும்."

"புரியும், சரி. அவங்க வீட்டுல அப்படித்தான் கூப்பிடுவாங்களா?"

டீச்சர் யோசித்தாள். "அது ஊருக்கு ஊர் மாறும். நம்ம வீட்டுல பாப்பா, குட்டி, புள்ளன்னு சொல்றோம்ல, அந்த மாதிரி."

"அப்ப அத்தனையும் சொல்லிக்குடுங்க."

"அத்தனையுமா? அண்ணா, அது பேச்சு இல்ல, பட்டியல். கேக்குறவங்க சிரிப்பாங்க."

மெக்கானிக் தன் தொழிலைச் சொன்னார். லிஃப்ட்டுக்குள் ஆள் மாட்டிக்கொண்டால், எந்த மாடி என்று காட்டும் விளக்கும் பெரும்பாலும் அணைந்து கிடக்கும். ஊகம் செய்துகொண்டு நிற்க முடியாது. கீழிருந்து படி ஏறி, ஒவ்வொரு மாடியிலும் கதவை மூன்று தடவை தட்டிக் காது கொடுப்பார். எங்கிருந்து பதில் வருகிறதோ அதுதான் மாடி.

"ஒரு மாடியையும் விட்டதில்ல டீச்சர். இதுலயும் விட மாட்டேன்."

டீச்சர் தலையில் அடித்துக்கொண்டாள். ஆனால் அடுத்த வாரம் பட்டியல் தயாராக இருந்தது.

மூன்று மாதமும் மனிதர் லிஃப்ட் கூரைமேல் நின்று கிரீஸ் தடவிக்கொண்டே முணுமுணுத்தார். பட்டாணி அவருக்குத் தேர்வு வைத்தாள், தப்பானால் காதைத் திருகினாள்.

அந்த நாள் வந்தது. பதிவக அலுவலகத்தில் ஒரு சின்ன அறை. மெக்கானிக், மனைவி, நடுவில் பட்டாணி. சுவரோரம் டீச்சர், ஆபத்துக்கு உதவ. திரையில் ஒரு பெண் வந்தாள். நாற்பது வயதிருக்கும், தலையை வாரி முடிந்திருந்தாள், பளபளக்கும் நெற்றி. மரியாதையாகப் புன்னகைத்தாள். புதியவர்களிடம் எல்லோரும் காட்டுகிற புன்னகை.

மெக்கானிக் எழுந்து நின்றுவிட்டார். உட்காரச் சொன்னது காதில் விழவில்லை.

"கிராசியாஸ்," என்று தொடங்கினார். "நன்றி. போர் மி நீன்யா. என் மகளுக்காக."

அந்தப் பெண் தலையசைத்தாள். அதே புன்னகை.

"போர் மி பீபா."

தலையசைப்பு.

"போர் மி ச்சமாக்கா."

புருவம் லேசாகச் சுருங்கியது. இவர் என்ன சொல்கிறார் என்று பக்கத்தில் யாரையோ பார்த்தாள். மனைவி அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அவர் நிறுத்தவில்லை.

"போர் மி குவாகுவா. போர் மி பத்தோஹா. போர் மி போத்தீஹா."

ஒன்றும் இல்லை. பட்டியலில் பாதிக்குமேல் போய்விட்டது. அப்போது பட்டாணி அவர் விரலைப் பிடித்து, அவருக்கு மறந்துபோன அடுத்த வார்த்தையைத் தானே சொன்னாள்.

"சிப்போத்தா."

அந்தப் பெண்ணின் புன்னகை போய்விட்டது. கை வாய்க்கு வந்தது. கண் நிரம்பியது. அவள் திரைக்கு மிக அருகே வந்து, வால் விழுங்கிய அந்த ஸ்பானிஷில், மெதுவாக, திரும்பத் திரும்ப பட்டாணி சொன்ன அதே சொல்லைச் சொன்னாள். பிறகு மார்பில் கைவைத்து இன்னும் ஏதோ சொன்னாள்.

மெக்கானிக் டீச்சரைத் திரும்பிப் பார்த்தார். டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"'எங்க அம்மா என்னை அப்படித்தான் கூப்பிடுவாங்க'ன்னு சொல்றாங்க. 'அம்மா போனப்புறம் யாரும் கூப்பிடல'ன்னு."

இத்தனை பெரிய உலகத்தில், இருபது நாட்டில், ஒரு வீட்டின் வாசல் திறந்திருந்தது. திறந்தவள் பட்டாணி.

மெக்கானிக் மேஜை விளிம்பில் விரல் மடக்கி மூன்று தடவை தட்டினார். ஏன் என்று அவருக்கே தெரியாது, கைப்பழக்கம்.

அந்தப் பக்கமிருந்து மூன்று தட்டு வந்தது.