மூன்று வக்கீல் வைத்த மயில்சாமி

நாமக்கல் தாலுகாவில் வசிக்கும் சகல ஜனங்களுக்கும் இதனால் தெரிவிப்பது யாதெனில்: 1934-ம் வருஷம் தை மாதம் முதற்கொண்டு நமது ஊரில் நியாயம் இருப்பு இல்லை. இருந்த சரக்கு முழுவதையும் எருமப்பட்டிப் பண்ணையக்காரர் மயில்சாமி ரொக்கம் கொடுத்து வாங்கிக்கொண்டார்.

மயில்சாமி இரண்டாவதாக ஒரு கல்யாணம் செய்துகொண்டு, மூத்தவள் ராமாயியையும் அவள் பெண் குழந்தையையும் வீட்டை விட்டுத் துரத்தினார். ராமாயி அண்ணன் வீட்டு மாட்டுக்கொட்டகையில் இருந்துகொண்டு, ஜீவனாம்சம் கேட்கப் போவதாக ஊரறியச் சொன்னாள். சொன்னதுதான் தப்பு. புருஷன் பெண்டாட்டி வழக்குப் பார்க்கிற வக்கீல்கள் நாமக்கல்லில் மூன்றே பேர். மூவரிடமும் மயில்சாமி முந்திக்கொண்டு வக்காலத்துக் கொடுத்துவிட்டார்.

ராமாயி காதுத் தோட்டைக் கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டு வக்கீல்கள் வீட்டுப் படியேறினாள்.

"நான் உன் புருஷன் பக்கம், போம்மா" என்றார் தலைப்பாகை வக்கீல். மூக்குக்கண்ணாடி வக்கீல் அதையே குமாஸ்தாவை விட்டுச் சொல்லச் சொன்னார். மூன்றாமவர் தண்டாயுதபாணி, பதிவிரதா தர்மத்தைப் பற்றி நெடுநேரம் பேசிவிட்டு அதையேதான் சொன்னார்.

"ஏனுங்க சாமி, இத மொதல்லயே சொல்லியிருந்தா எனக்குக் காலாச்சும் வலிச்சிருக்காதுங்களே" என்றாள் ராமாயி.

"வக்கீல் இல்லாமல் கோர்ட்டுப் படி ஏறுவாயா?"

"ஊட்டுப் படியவே எறங்கியாச்சு. கோர்ட்டுப் படி என்னைய என்ன பண்ணிப்போடுமுங்க?"

கோர்ட்டு வாசலில் மனு எழுதும் ஆண்டி என்பவர், ஒரு கோழியைக் கூலியாக வாங்கிக்கொண்டு மனு எழுதிக் கொடுத்தார்.

விசாரணையன்று மூன்று வக்கீல்களும் வந்தார்கள். ஒருவர் பேசுவது, மற்ற இருவர் உட்கார்ந்திருப்பது என்று ஏற்பாடு. மயில்சாமிக்குப் பொறுக்கவில்லை.

"கூலி வாங்குன ஆளு வரப்புல குந்தறதா? மூணு பேரும் பேசோணுமுங்க."

யார் வீட்டுக்கு யார் போவது என்ற கௌரவப் பிரச்னையில் மூவரும் அதுவரை கலந்து பேசியதே இல்லை.

"இவளுக்கும் என் கட்சிக்காரருக்கும் கல்யாணமே நடக்கவில்லை" என்றார் தலைப்பாகை.

"கல்யாணம் நடந்தது. இவள்தான் ஓடிப்போனாள்" என்றார் மூக்குக்கண்ணாடி.

தண்டாயுதபாணி எழுந்து, தொண்டையைச் செருமி, ஒரு சுலோகம் சொல்லி, "ஏதோ கோபத்தில் துரத்திவிட்டார். இந்த உத்தமியை இன்றைக்கே அழைத்துப்போகத் தயார்" என்றார்.

மாஜிஸ்திரேட் பேனாவைக் கீழே வைத்தார். "நீ என்னம்மா சொல்கிறாய்?"

"கண்ணாலம் ஆகாதவ, ஓடிப்போனவ, இவரு தொரத்தியுட்டவ அப்படின்னு மூணு பேர வெச்சிருந்தாராட்ட இருக்குதுங்க சாமி. மத்த ரெண்டு பேரு சமாச்சாரம் எனக்குத் தெரியாதுங்க. தொரத்துனது என்னையத்தான்."

"திரும்பப் போகிறாயா?"

"மாட்டனுங்க. இன்னொருத்தி அடுப்பு மூட்டற ஊட்டுல நான் போயி சாம்பல் அள்ளறதுக்கா? எனக்கும் எம்புள்ளைக்கும் சோத்துக்குச் சொல்லுங்க, போதும்."

மாதம் எட்டு ரூபாய் கொடுக்க வேண்டும் என்று உத்தரவாயிற்று. நியாயம் ஜெயித்துவிட்டதாகக் காப்பிக் கடைகளில் பேசிக்கொண்டார்கள். தம்முடைய வாதம்தான் வழக்கைத் தீர்த்தது என்று தண்டாயுதபாணி சொல்லிக்கொண்டார், அது உண்மைதான். தாலுகாவிலுள்ள தள்ளிவைக்கப்பட்ட பெண்களுக்கெல்லாம் பொழுது விடிந்துவிட்டது என்று ஒருவர் பிரசங்கமே செய்தார்.

முதல் மாதம் பணம் வரவில்லை. ராமாயி இன்னொரு மனுப் போட்டாள்.